பெல்ட் மெஷின் வாங்கப் போனோம்

என் வீட்டுக்காரர் அடித்துக் கொடுத்த கத்தியால்தான் காசிமேட்டில் மீன் வெட்டுகிறேன். ஆனால் முதல் ஏழு வருடம் அந்த மனுஷனுக்கு ஒரு கத்தியைக்கூட நான் கையில் கொடுத்ததில்லை. கையிலிருந்து கைக்குக் கத்தி போனால் சண்டை வரும் என்பார்கள் எங்கள் மார்க்கெட்டில். வெட்டுக்கட்டையின் மேல் வைப்போம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தெரு நாறத் திட்டிக்கொள்கிற இரண்டு பொம்பளைகள்கூட, கத்தியைக் கட்டையில் வைத்து வாங்கிக்கொண்டு அப்புறம்தான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாமே, கைல குடுக்காமயே நம்ம வூட்ல டெய்லி சண்டதான். குடுத்தா மட்டும் புச்சா இன்னா வந்துடப் போவுது?"

"வர சண்டயே போதும். கட்டைல கீது, எடுத்துக்க" என்பேன்.

அவர் பெயர் பிராங்கிளின். தொண்ணூற்று நாலாம் வருடம்வரை திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சாணைக்கல்லை மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார்களாம். நல்ல கல் ணங்கென்று பேசும். விரிசல் விட்ட கல் செத்த சத்தம் போடும். அன்றைக்கு மெஷினில் இருந்தது முந்தின ஷிப்டு ஆள் மாட்டிவிட்டுப் போன கல். இவர் தட்டிப் பார்க்கவில்லை. வேர்வையைத் துடைக்கலாமென்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அந்த நேரம் பார்த்துக் கல் வெடித்தது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்த அன்று என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். "இனிமே சுத்துற கல்லு முன்னாடி நிக்கவே மாட்டேன், சிலுவ." என் பெயர் சிலுவையம்மாள். ஆசை வந்தாலும் பயம் வந்தாலும் மட்டும்தான் அவர் வாயில் அது சிலுவ என்று வரும். மற்ற நேரமெல்லாம் வெறும் 'மே'.

கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். இரண்டு மாதம் போயிருப்பார். வருவார், சுவரைப் பார்த்து உட்காருவார். சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். அவருக்கு எதையும் தட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. டம்ளர், தேங்காய், தண்ணிக் குடம் எதுவும் தப்பாது. தூங்கிக்கொண்டிருந்த என் நெற்றியையே ஒருநாள் தட்டிவிட்டு, "விரிசல் கீதான்னு பாத்தேன்" என்று சொல்லி மிதி வாங்கினவர். அந்த மனுஷன் இரண்டு மாதம் ஒன்றையும் தட்டவில்லை. ஆள் வீட்டில் இருக்கிறார், வீட்டில் யாரும் இல்லாததுபோல் இருந்தது.

அப்புறம் ஒருநாள் எங்கிருந்தோ உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரியில் பழுக்கக் காய்ச்சி, அடித்துத் தட்டையாக்கி, இரண்டு நாள் அரத்தால் ராவி, எனக்கென்று ஒரு கத்தி செய்தார். வஞ்சிரத்தின் நடு எலும்பை அது ஒரே போடில் அறுத்தது. பக்கத்துக் கட்டைக்காரி முத்தம்மா பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லுக்கா" என்றாள். அதிலிருந்து மார்க்கெட்டில் பாதிப்பேர் கையில் பிராங்கிளின் கத்திதான். ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பொருள் கிட்டே இருக்கிறதா எட்ட இருக்கிறதா என்று சரியாகப் பிடிபடாது. டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார். கத்தி செய்யும்போது மூக்கு இரும்பைத் தொடும் அளவுக்குக் குனிந்து, தலையைச் சாய்த்து, வலது கண்ணைக் கொண்டுபோய் வேலையின் மேலேயே வைத்துவிடுவார். அரம்தானே, போகட்டும் என்று விட்டிருந்தேன்.

அரம் வேறு கணக்கு வைத்திருந்தது. ஏழு வருடம் ராவி ராவி வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. விரல் மரத்துப் போய் அரம் கையிலிருந்து நழுவி விழும். இனிமேல் அரம் பிடித்தால் கை ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தன, எனக்கும் வேலையில்லை. தடை முடிய இன்னும் எட்டு நாள். படகு கடலுக்குப் போனதும் நாற்பது பேருக்குப் புதுக் கத்தி வேண்டுமென்று சொல்லிவைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். தண்டையார்பேட்டையில் கமாலுதீன் பாய் என்பவர் தன் பாலிஷ் பட்டறையை மூடுகிறாராம், பழைய பெல்ட் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறதாம்.

"சத்தியம் பண்ணியே, இன்னா ஆச்சு?" என்றேன்.

"சத்தியத்துல இன்னா சொன்னேன்? கல்லுன்னு சொன்னேன். இது கல்லு இல்லமே, பெல்ட்டு. துணி மேல உப்புத்தாளு மாரி பொடி ஒட்டி வச்சிருப்பான். கல்லு மாரி வெடிக்காது. அறுந்தா சாட்டயால அடிச்சா மாரி ஒரு அடி வுழும், அவ்ளோதான்."

"வக்கீலு கணக்கா பேசாத. கீறதே ஒரு கண்ணு. அத்தயும் குடுத்துட்டு வந்து குந்திக்கலாம்னு பாக்கறியா?"

அவர் வீங்கின மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சுற்றுகிற எந்தச் சாமானைப் பார்த்தாலும் எனக்கு ஆஸ்பத்திரி வாசனைதான் வரும். மாவு மெஷின் கடையைக் கண்டால்கூட எதிர்ப்பக்கமாக ஒதுங்கித்தான் நடப்பேன். இருக்கிற அந்த ஒற்றைக் கண்ணையும் ஒரு மெஷின் தின்றுவிட்டால் அவர் முழு இருட்டில் உட்காருவார், நான் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் நானும் கூட வருகிறேன் என்றேன். துணைக்கு என்று அவர் நினைத்தார். நான் போனது வியாபாரத்தைக் கெடுக்க.

பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. சந்து முனையில் கரண்டு கேபிளுக்காகப் பள்ளம் தோண்டி, நாலு பேர் உள்ளே இறங்கி எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவரெல்லாம் கறுப்புத் தூசி. எவர்சில்வர் அண்டாக்கள் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தன. நடுவில் அந்த மெஷின் நின்றது. முன்னால் ரப்பர் போட்ட பெரிய சக்கரம், பின்னால் சின்னச் சக்கரம், இரண்டையும் சுற்றி நீளமான பெல்ட்.

கமாலுதீன் பாய்க்கு அறுபது வயது இருக்கும். பேசுவதற்கு முன்னால் இருமினார், பேசி முடித்தும் இருமினார். "இந்தத் தூசி இனிமே வாணாம்னு சொல்லிட்டாங்கப்பா. மீஞ்சூர்லேர்ந்து ஒரு ஆளு பன்னண்டு மணிக்குள்ள வரான். நீ மொதல்ல சொல்லிவச்சதால உனக்குத்தான் மொதல்ல. புட்ச்சிருந்தா அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு" என்றார். மணி அப்போது பத்தே முக்கால்.

"பாய், இத்தால யாருக்கானா அடி பட்டுகீதா?" என்று எடுத்தவுடனே கேட்டேன். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

பாய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "பாத்துக்கம்மா. இருவது வருசம். பத்து வெரலும் கீது."

இவர் மெஷினைச் சோதிக்க ஆரம்பித்தார். முதலில் இரும்புக் காலைத் தட்டினார். சக்கரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். ரப்பர் மேல் விரலை ஓட்டி மேடு பள்ளம் பார்த்தார். பாய் சுவரிலிருந்த பச்சைப் பட்டனை அமுக்கியதும், ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பாரே, அதுபோல. ஏதாவது கோளாறு கண்டுபிடி, கண்டுபிடி என்று நான் மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டேயிருந்தேன். அவர் தலையை நிமிர்த்தி, "சோக்கா கீது பாய்" என்றார். மாதாவும் அவர் கட்சி.

மெஷினை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த உள்ளங்கை அகல இரும்புத் தகட்டை பெல்ட்டுக்கு முன்னால் போல்ட் போட்டு முடுக்கினார். கத்தியைத் தாங்கிப் பிடிக்க அது. தொப்பி போட்டுக்கொண்டார். பாரிஸ் கார்னரில் வாங்கின பிளாஸ்டிக் கண்ணாடியை நான் சொல்லாமலே மாட்டிக்கொண்டார். கூர் வைக்காத கத்தி மூன்று கொண்டுபோயிருந்தோம், மூன்றும் என் பையில். மெஷின் ஓடியது. ஒன்றை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார்.

பெல்ட் மேலிருந்து கீழாக ஓடியது. இரும்பு பட்டதும் நெருப்புப் பொறி அத்தனையும் தரையைப் பார்த்துக் கொட்டியது. அரத்தால் அரை நாள் ராவ வேண்டிய வேலை கண்ணெதிரே வழிந்து போய்க்கொண்டிருந்தது. அவர் வழக்கம்போலக் குனிந்துகொண்டே போனார். பொறியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விசில் அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் குவிந்திருந்தது. கல்யாணமான புதிதில் கம்பெனியிலிருந்து விசில் அடித்துக்கொண்டுதான் வருவார். எட்டு வருடமாக நான் அதைப் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். எனக்கோ பொறாமையாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

பாதிக் கத்தியில் கரண்டு போய்விட்டது. கேபிள்காரர்கள் வேலை. மெஷின் முனகி நின்றது.

"பாய், நான் எத்துக்கறேன்" என்றார் இவர்.

"இன்னும் ஒண்ணு முழுசா ராவிக் காட்டு. அப்பால சொல்லு" என்றேன் நான்.

"இன்னும் இன்னாமே பாக்கணும்?"

"நான் பாக்கணும். ஒரு கத்தி முழுசா. அதுவரிக்கும் வாயத் தொறக்காத."

கரண்டு வர நேரமாகும், அதற்குள் மீஞ்சூர்க்காரன் வந்துவிடுவான், அவன் ரொக்கத்தைக் காட்டினால் பாயின் மனசு மாறிவிடும், இதுதான் என் திட்டம். பாய் டீ வாங்கிவரச் சொன்னார். குடித்தோம். இவர் அண்டாவின் மேல் உட்கார்ந்து கடிகாரத்தையும் பல்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பல்பு எரிந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பல்பை உடைத்திருப்பேன்.

பாய் எழுந்து பச்சைப் பட்டனை அமுக்கினார். அதே நேரம் வாசலில், "பாய், பாய், மீஞ்சூர்லேர்ந்து வரேன்" என்று குரல் வந்தது. பாய் வாசலுக்குப் போனார். இவருக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. மெஷின் முன்னால் போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பெல்ட் அதே வேகம், அதே இரைச்சல். வேகமாக ஓடுகிற பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

"குடுமே, சீக்கிரம்" என்று என்னைப் பார்க்காமலே வலது கையைப் பின்னால் நீட்டினார். விரல் நாலும் விரிந்து என் வயிற்றுக்கு முன்னால் நின்றது.

பையிலிருந்து கத்தியை எடுத்தேன். அந்த அவசரத்திலும் என் கை அவர் கைக்குப் போகவில்லை. அவர் தோளைச் சுற்றிப் போய்த் தகட்டின் மேல் வைத்தது. வைத்த வேகத்தில் கத்தியின் முனை பெல்ட்டைத் தொட்டுவிட்டது.

டமார் என்று ஒரு சத்தம். தகட்டில் கத்தி இல்லை. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இவருடைய தொப்பி தரையில் கிடந்தது. முன்பக்க நுனியைக் காணவில்லை.

நான் கத்தினேனாம். எனக்குத் தெரியாது. பாய் ஓடிவந்து சிவப்புப் பட்டனை அடித்தார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து, அந்தக் கண்ணைப் பார்த்தேன். இமைத்தது. மறுபடி இமைத்தது. ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

பாய் பெல்ட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்துக் கேபிள்காரர்களை நல்லதாக நாலு வார்த்தை திட்டினார். "மூணு ஒயருல ரெண்ட மாத்தி ஒட்டிட்டானுங்கப்பா. மோட்டரு ரிவர்சுல ஓடிகீது. கேபிள்ல கைவச்சான்னா மொதல்ல பட்டன சும்மா ஒரு தட்டு தட்டிவுட்டு, எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துட்டுத்தான் வேலய தொடுவோம். இருவது வருசமா பாத்தவன் இன்னிக்கி வுட்டேன். மெசினு வித்துப்போச்சுன்ற நெனப்புல இருந்துட்டேன். அல்லா காப்பாத்துனான்."

கீழிருந்து மேலாக ஓடியிருக்கிறது பெல்ட். மூக்கை வைத்துக் குனிந்து, கத்தியைக் கையில் பிடித்து இவர் அதில் அழுத்தியிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கூரையில் இருந்த ஓட்டையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னது நான்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

பாய் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, டப்பாவைத் திறந்து இரண்டு ஒயரை மாற்றிப் போட்டார். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, பட்டனை அமுக்கி உடனே நிறுத்தினார். கோடு மேலிருந்து கீழே வந்து மெதுவாக நின்றது. "பாத்துக்கப்பா. இப்போ நேரா ஓடுது."

இவர் எழுந்திருக்கவில்லை. அண்டாவின் மேல் உட்கார்ந்து நுனி போன தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, பூடலாம் சிலுவ" என்றார். "எனக்கு பயமா கீது. நான் வாட்ச்மேன் வேலைக்கே போறேன். அந்த மீஞ்சூர்காரு எட்த்துக்கினு போவட்டும்."

காலையிலிருந்து நான் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை அதுதான். வாசலில் மீஞ்சூர்க்காரர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். சரி, வாய்யா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். கண் பத்திரம். சத்தியமும் பத்திரம். நான் அவர் கையைப் பார்த்தேன். டம்ளரையும் குடத்தையும் தட்டுகிற கை, தொப்பியைப் பிடித்துக்கொண்டு மடியில் கிடந்தது. அண்டாவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். அது எவர்சில்வர் அண்டா. தட்டினால் எப்படிப் பேசும் அது! அந்த மனுஷன் அதைத் தட்டவேயில்லை. குடோனிலிருந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்த ஆள் மறுபடி என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளிடம் ஒற்றைக் கண் முழுசாக இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்து அவருக்கு நானே மாட்டிவிட்டேன். பையிலிருந்து மூன்றாவது கத்தியை எடுத்தேன். இரும்புப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு, பிடிப் பக்கத்தை அவர் உள்ளங்கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன்.

அவர் கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னாமே, கைல குடுக்கற?"

"சண்ட வந்தா பாத்துக்கலாம். எழுந்துரு."

"சத்தியம் பண்ணிகீறேனே."

"அது கல்லுக்கு. இது பெல்ட்டு. நீதான சொன்ன? மூஞ்சிய எட்டி வச்சிக்கினு ராவு. கிட்ட கொண்டு போன, மண்டய ஒடச்சிடுவேன்."

எழுந்தார். பச்சைப் பட்டனை இந்தத் தடவை நான் அமுக்கினேன். அமுக்கி, நிறுத்தி, கோடு கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டு மறுபடி அமுக்கினேன். அப்புறம் போய் அவருக்கு இடது பக்கம் நின்றேன். அவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. அவர் முகம் குனியும்போதெல்லாம் முழங்கையால் இடித்தேன். ஒவ்வொரு இடிக்கும் முகம் பின்னால் போனது. பொறி தரையில் கொட்டியது. நாலைந்து இடிக்குப் பிறகு இடிக்க வேண்டியிருக்கவில்லை.

கத்தி முடிந்ததும் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். கத்தி முதுகை அண்டாவில் ஒரு தட்டுத் தட்டினார். ணங்கென்றது. பாய் வாசலைப் பார்த்து, "மெசினு பூடுச்சு நைனா, மன்ச்சுக்க" என்றார்.

சண்டை வராமல் இல்லை. என் வீட்டுக்காரர் கல்மண்டபம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் மூலை ஒன்று பேசிவைத்திருந்தார். மீன்பாடி வண்டியிலிருந்து மெஷினை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. சுவரை ஒட்டிப் போடலாம், இடம் மிச்சம் என்றார் அவர். இடது பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் போட வேண்டும் என்றேன் நான்.

"யாருமே வந்து நிக்கப் போறாங்க அங்க?"

"மத்தியானம் கட்டய கழுவி வச்சுட்டு நான் வருவேன்யா. இடம் வுடு."

விட்டுத்தான் போட்டிருக்கிறோம்.